நோன்புக்கு இறைத்த கிணறு

ஹமீதாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் வெள்ளாங்கரையில் இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த வாய் அதிகம் ஏசியது ஊராரை அல்ல, ஒரே ஒருத்தரைத்தான். அவளுடைய புருசனை. வெள்ளாங்கரைப் பள்ளிவாசலின் மோதினார் அவர். ஐந்து வேளையும் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்குக் கூப்பிட்ட மனிசன். துவக்கோடு வந்த இயக்கக்காரர்கள் முஸ்லிம் சனமெல்லாம் பொழுது படுவதற்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்ன அந்த நாளில், "நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்குப் போ. நான் அசருக்குப் பாங்கைச் சொல்லிப்போட்டு வாறன்" என்று பள்ளிக்குப் போனார். வரவில்லை. பாங்குச் சத்தம் கேட்டதா இல்லையா என்று அந்த வள்ளத்தில் வந்தவர்கள் இன்றைக்கும் சண்டை பிடிப்பார்கள்.

வள்ளம் கொண்டுபோய் இறக்கிய புத்தளப் பக்கத்துக் கற்பிட்டி முகாமுக்கு ஒரு வள்ளக்காரன் வந்தான். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் மோதினாரைக் கண்டதாகச் சொன்னான். பக்கத்தில் ஒரு பெண்ணும் நின்றாளாம். அவ்வளவுதான். அன்றைக்குத் தொடங்கிய ஏச்சு. "பாங்கு சொல்லப் போனவர் இந்தியாவில போய்ப் பாய் விரிச்சிட்டார்" என்று கிணற்றடியிலும் சொல்லுவாள், நிவாரண அரிசிக்கு நிற்கும் வரிசையிலும் சொல்லுவாள், மகள் ரிஸ்மியாவின் கலியாணப் பேச்சு நடக்கையிலும் சொல்லுவாள். கலியாண வழக்குத் தீர்க்கிற காதியார் கூப்பிட்டு, "பிள்ளை, காணாமல் போன புருசனிட்ட இருந்து பிரிஞ்சுபோக மார்க்கத்தில வழியிருக்கு, எழுதித் தாறன்" என்று இரங்கிச் சொன்னார். "அவர் வரட்டும். வந்து என்ர முகத்தைப் பார்த்து ஏன் போனனான் எண்டு சொல்லட்டும். பிறகு எழுதுங்கோ" என்று எழும்பி வந்துவிட்டாள். ஏசுவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அவளுடைய ஏச்சிலே அவர் உயிரோடு இருந்தார்.

சண்டை முடிந்து, திரும்பிப் போகலாம் என்று ஆனபோது முதல் ஆளாக மூட்டை கட்டியவள் அவள்தான். ரிஸ்மியா வரமாட்டேன் என்றுவிட்டாள். "வாப்பா விட்டிட்டுப் போன ஊர் எனக்கு வேணாம் உம்மா" என்றாள். ஊர் என்று சொல்ல அங்கே கிடந்ததும் உடைமுள்ளுக் காடுதான். வெட்டி எரித்துத் தகரக் கொட்டில்கள் போட்டார்கள். பள்ளிவாசலுக்குக் கூரை இல்லை, சுவர்கள் நின்றன. வந்த ஆண்களெல்லாம் ஒரு காலைப் புத்தளத்திலும் மறு காலை இங்கேயும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருந்தவர் ஜுனைதீன். பள்ளித் தலைவர். மோதினாரின் கூடப்பிறந்த தம்பி, தமையனைக் காக்கா என்று கூப்பிடுகிறவர். "இந்த ஒரு நோன்பை எங்கட பள்ளியில பிடிச்சுப் பாருங்கோ. சரிவந்தால் பெருநாளோட பெண்டு பிள்ளையளைக் கூட்டி வாங்கோ. சரிவராட்டி நானும் உங்களோட வாறன்" என்று சொல்லிச் சொல்லித்தான் நிறுத்தி வைத்திருந்தார்.

ஆகவே அந்த நோன்புக்குப் பள்ளி அப்படித் தயாரானது. கூரைக்குத் தகரம் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நோன்பு இரவுகளில் தராவீஹ் தொழுவிக்கப் புத்தளத்தில் இருந்து இல்ஹாம் என்று ஒரு மௌலவி வந்து இறங்கினார், இளந்தாரி, மெல்லிய குரல். மிச்சம் இருந்தது பள்ளிக் கிணறு. கல்லும் முள்ளும் ஓலையும் விழுந்து தூர்ந்து கிடந்தது. அது இல்லாமல் தொழமுதல் கைகால் கழுவி ஒழுச் செய்வது எப்படி, நோன்புக் கஞ்சி காய்ச்சுவது எப்படி? நறுவிலிக்குளத்துச் சிவராசாவைக் கேட்டார்கள். வயல்காரன், கிணறு இறங்கத் தெரிந்தவன். தண்ணி இறைக்கிற மெசினை லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பின்னேரம் பிறை பார்க்கிற நாள். கண்டால் விடிய நோன்பு.

மத்தியானம் ஆண்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஹமீதா வேப்பமர நிழலில் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் ஜுனைதீன் கயிறு இழுக்க, உள்ளே இருந்து சிவராசா வாளி வாளியாகச் சேறு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் கயிறு நின்றது. சிவராசா மேலே ஏறி வந்தான். கையில் சேறு பூசின எலும்பு ஒன்று, நீளமானது. "ஆடு மாடு இல்லை அண்ணை. கீழ முழு ஆளும் கிடக்குது" என்றான்.

 சிவராசா அந்த எலும்பை வாளித் தண்ணீரில் அலம்பினான். சேறு போகப் போக, எலும்போடு ஒட்டினபடி ஒரு உருக்குத் தகடு தெரிந்தது, வரிசையாகத் திருகாணிகளோடு.

ஹமீதாவின் மடியில் இருந்த சுளகு சரிந்தது. ஒரு நோன்பு காலத்தில் பள்ளி முகப்புக்கு மின்குமிழ் கட்ட ஏறி விழுந்து தொடை முறிந்த மனிசனை, மன்னார் ஆஸ்பத்திரியில் ஏலாது என்று யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்ட தகடு அது. மழைக்காலத்தில் உளையுது என்பார். நல்லெண்ணெய் காய்ச்சி அந்தத் தொடையில் எத்தனை நாள் தேய்த்திருப்பாள்! அவள் கிட்டப் போனாள். தொட்டாள். ஜுனைதீனின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தமையனைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தானே.

"இங்கயே கிடந்தனீங்கள்?" என்றாள் ஹமீதா. எலும்பைப் பார்த்துத்தான் கேட்டாள். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அட அல்லாஹ்வே, என்ர வாய் அழுகிப் போகட்டும். இங்கயே கிடந்தனீங்கள்?"

"மதினி, சத்தம் போடாதேங்கோ" என்று ஜுனைதீன் அவளை இருத்தினார்.  "அழுகிறதெண்டா எனக்கும் அழ ஏலும். இப்ப சொல்லுறதைக் கேளுங்கோ. பொலிசுக்குப் போனால் என்ன நடக்கும்? பள்ளியைச் சுத்திக் கயிறு கட்டுவாங்கள். கோர்ட், கச்சேரி எண்டு இழுக்கும். சந்தியில ஆமிக்காரன் நிக்கிறான். இன்னும் எத்தனை பேர் கிடக்கினம் எண்டு முழு ஊரையும் கிண்டுவாங்கள். பிறகு தராவீஹும் இல்லை, நோன்பும் இல்லை. ஒரு குடும்பம் இங்க நிக்குமோ? சொல்லுங்கோ."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தி, பொழுது பட்டு மஃரிபு வர முதல் அடக்குவம். ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லுவம். காக்காவும் இதைத்தான் விரும்புவார் மதினி. பள்ளிக்காகவே இருந்த மனிசன்."

அதுவும் பொய்யில்லை. ஊர் என்று ஒன்று இனி இருக்கப் போகிறதா இல்லையா என்பது அந்த ஒரு மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது ஹமீதாவுக்கும் தெரியும். அவள் சிவராசாவைப் பார்த்தாள். அவன் மற்ற எலும்புகளையும் எடுத்து ஒவ்வொன்றாக அலம்பிச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தான். மண்டையோட்டைக் கழுவும்போது பின்பக்கத்தை விரலால் தடவினான். அங்கே உடைந்திருந்தது. விழுந்து உடைந்ததோ வேறென்னவோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

"நீ என்ன சொல்லுறாய் தம்பி?"

"நான் என்னக்கா சொல்லுறது. நான் கூலிக்கு வந்தனான்" என்றான் சிவராசா. பிறகு நிமிராமலே சொன்னான். "என்ர மூத்தவன் அனோஜன். கடைசிச் சண்டையில, வட்டுவாகலால வரேக்க ஆமியிட்ட கையைப் பிடிச்சுக் குடுத்தனாங்கள், விசாரிச்சுப்போட்டு விடுவினம் எண்டு. என்ர மனிசி பரமேஸ்வரி இண்டைக்கும் படத்தைக் கொண்டு திரியிறாள். எங்கயாவது ஒரு இடத்தில ஒருத்தர் அவனை எடுத்து, ஆரெண்டு தெரியாது எண்டு தாட்டிருப்பினமோ எண்டு எனக்கு இப்ப யோசினை வருது. வேறொண்டும் இல்லை அக்கா."

ஹமீதா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, "மண்ணுக்குள்ள போகட்டும். நோன்புக்கு முதல் போகட்டும்" என்று ஜுனைதீனுக்குச் சொன்னாள். உண்மையில் அப்போது அவளுக்கு அதுவே போதும் என்றிருந்தது. இருபது வருசமாகக் கிணற்றில் கிடந்த மனிசனுக்கு ஒரு ஆறடி மண் கிடைத்தால் வேறென்ன வேணும்?

ஊருக்குச் சொன்னார்கள், ஆரோ தெரியாத ஆளின் எலும்பு என்று. ஆண்கள் கூடினார்கள். தகட்டோடு சேர்த்து வெள்ளைத் துணியில் ஜுனைதீனே சுற்றினார், வேறு ஆளைக் கை வைக்க விடவில்லை. பள்ளி முற்றத்தில் மையித்துத் தொழுகைக்கு வரிசை நின்றது. மையவாடியில் குழி ஆயத்தம். ஹமீதா ஓலை வேலிக்குப் பின்னால் நின்றாள்.

"மையித்தின்ட பேர் என்ன?" என்று கேட்டார் மௌலவி இல்ஹாம்.

"தெரியாது மௌலவி. இந்த மையித்து எண்டு மனசில நிய்யத்து வையுங்கோ, போதும்" என்றார் ஜுனைதீன்.  மார்க்கப்படி அது போதும். பேர் தெரியவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்போது பின் வரிசையில் நின்ற ஒருத்தர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். "ஆர் பெத்த பிள்ளையோ பாவம். அண்டைக்கு இங்க நிண்டது எங்கட மோதினார்தானே, அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் இந்தியாவில சுகமா மனிசியோட இருக்கிறார்." பக்கத்தில் நின்றவர் வாயை மூடிச் சிரித்தார். கெட்ட மனிசர்கள் இல்லை. அவர்கள் இதை எங்கே கேட்டார்கள்? எல்லாம் ஹமீதாவின் வாயால் கேட்டதுதான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"அசனார்!" என்று கத்தினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. ஏசும்போதும் 'அந்த மனிசன்' என்றுதான் ஏசுவாள். புருசன் பேரைச் சொல்லுகிற வழக்கம் எங்கே இருந்தது அந்த ஊரில்.

"பேர் அசனார். மீராசாய்பு மகன் அசனார். இந்தப் பள்ளி மோதினார். இந்தியாவுக்கும் போகல்ல, ஒரு மண்ணுக்கும் போகல்ல. பாங்கு சொல்ல வந்த இடத்தில உங்கட கிணத்துக்கதான் கிடந்தவர். பேர் இல்லாமத் தொழுதீங்களோ, அல்லாஹ்வின்ட காவல், நான் ஒருத்தரையும் விடமாட்டன்!"

ஜுனைதீன் துணி சுற்றிய பொட்டலத்தின் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். "காக்கா" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்குமேல் ஊருக்கு ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. சிரித்த மனிசன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மௌலவி அசனார் என்று பேர் சொல்லி, அவருக்காகத் தொழுவித்தார். வயது போனவர்கள் விம்மி விம்மித் தொழுதார்கள். ஹமீதாவுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

தொழுது முடிந்து, எலும்பு கிடந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கப் போனார்கள்.

"வையுங்கோ" என்றாள் ஹமீதா. "பொலிசு வரட்டும். மண்டையில உடைஞ்சிருக்கு. அது எப்படி எண்டு ஆராவது எழுதட்டும்."

"மதினி, பிறை காணப் போகுது. இந்த ஒரு மாதம் பொறுங்கோ, உங்கட காலைப் பிடிக்கிறன்" என்று ஜுனைதீன் உண்மையாகவே காலடியில் இருந்தார்.

"நீ தாட்டிட்டு வந்தால் அதுக்குப் பிறகு ஆர் கேட்பினம்? இருபது வருசம் பொய்யைச் சொல்லித் திரிஞ்சவள் நான். நானே இப்ப வாயை மூடினால், அந்த மனிசனுக்கு வேற ஆர் இருக்கினம் சொல்லு" என்றாள். அவரும் அழுதார், அவளும் அழுதாள். ஆனால் அவள் மாறவில்லை. சிவராசாவைக் கூப்பிட்டாள். அவன் மெசினை இறக்கி வைத்துவிட்டு, பொலிசுக்குப் போக லேண்ட்மாஸ்டரைத் திருப்பினான்.

ஜுனைதீன் சொன்னது ஒன்றும் பொய்க்கவில்லை. பொலிஸ் வந்தது, பின்னாலே ஆமியும் வந்தது. மஞ்சள் நாடா கட்டினார்கள், கிணற்றைச் சுற்றி மட்டும் அல்ல, சுண்ணாம்பு மணம் மாறாத பள்ளியையும் சேர்த்து. துணியை அவிழ்த்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெட்டியில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். எப்போது தருவீர்கள் என்று ஹமீதா கேட்டதற்கு, கோர்ட் சொல்லும் என்றான் ஒருத்தன். பெட்டி போகிற நேரம் கடலுக்கு மேலே பிறை தெரிந்தது. பிறை கண்ட சந்தோசத்தில் நாரே தக்பீர் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. தோண்டின குழியை வெறுமையாய் விடக்கூடாது என்று அதற்குள் இருந்து எடுத்த மண்ணை அதற்குள்ளேயே போட்டு மூடினார்கள்.

அப்படித்தான் வெள்ளாங்கரைக்கு நோன்பு வந்தது. பனையடி மணலில் பாய் போட்டுத் தராவீஹ் தொழுதார்கள். காற்றுக்கு மணல் பறந்து கண்ணை நிறைத்தது. ஒழுவுக்கும் கஞ்சிக்கும் சிவராசா பீப்பாயில் தண்ணி கொண்டுவந்து ஊற்றினான். விசாரணைக்கென்று ஜீப் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் அண்டைக்கு ஆர் நின்றது, ஆரைக் கண்டது என்று நோன்பு வாயோடு நின்றவர்களை வெயிலில் வைத்துக் கேட்டார்கள். சனம் பயந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமிக்குச் சுகமில்லை என்று ஒவ்வொரு குடும்பமாகப் புத்தளம் பஸ்ஸில் ஏறியது. போகிறவர்கள் ஹமீதாவின் கொட்டிலுக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஜுனைதீன் மட்டும் அவளோடு பேசுவதை விட்டார். ஆனால் தினமும் பின்னேரம் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

அவள்தான் வெளியே வருவதில்லையே. பிறை கண்ட இரவே காதுத் தோட்டைக் கழற்றி வைத்து, வெள்ளைச் சீலை உடுத்து, கொட்டிலைக் குறுக்கே சாக்கால் மறித்துக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள். இத்தா இருக்கத் தொடங்கினாள். புருசன் கண்ணை மூடி மௌத்தானால் பெண்சாதி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், நகை நட்டு நல்ல உடுப்பு இல்லாமல் இருக்கிற கடமை அது. அதைச் செய்யும்போதுதான் தான் ஒருத்தருடைய பெண்சாதியாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. விடியமுதல் சஹருக்கு எழும்பி ஒரு வாய் சோறு தின்பாள். பகல் முழுக்க ஓதுவாள், அழுவாள். ஏசின ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எடுத்து அவரிடம் மன்னிப்புக் கேட்பாள். நாலு மாதமும் பத்து நாளும் போதாது என்று நினைத்தாள், ஆனாலும் அவ்வளவாவது இருக்கிறதே என்று ஒரு ஆறுதல். ரிஸ்மியா தொலைபேசியில் கதறினாள். "நானும் வாப்பாவை ஏசினனே உம்மா, நான் எங்க போய்க் கழுவுறது?" என்றாள். "நீயும் ஓது மகள்" என்று மட்டும் சொன்னாள் ஹமீதா.

நோன்பு பாதி கழிந்தபோது மௌலவி இல்ஹாமும் பயணம் சொல்ல வந்தார். தொழுவிக்க ஆள் இருந்தால்தானே அவருக்கு வேலை. சாக்குக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னார். 

"உம்மா, ஒரு மார்க்க விசயம். அமானிதம் மாதிரி எனக்கிட்ட கிடக்கு, சொல்லாமப் போனா நான் குத்தவாளி. நீங்க இத்தா இருக்கிறீங்கண்டு கேள்விப்பட்டன்."

"ஓம் மௌலவி. அவருக்கு நான் வேற என்னத்தைச் செய்ய?"

"உங்களுக்கு இத்தா இல்ல உம்மா."

சாக்குக்கு உள்ளே அவள் எழும்பி நின்றாள்.

"மௌத்துச் செய்தி எப்ப வந்தாலும், கணக்கு மௌத்தான நாளில இருந்துதான். தெரியாம இருந்தாலும் அது ஓடி முடிஞ்சிரும். நீங்க ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில மௌத்தெண்டா, முதல் வருசம் முகாமில நோன்பு பிடிச்சீங்களே, அந்த நோன்புக்குக் கொஞ்சம் முந்தியே உங்கட இத்தா முடிஞ்சிட்டு. இனி வெள்ளை உடுக்கத் தேவல்ல. நீங்க வெளிய வரலாம்."

நல்ல செய்தி சொல்லுகிற மாதிரித்தான் அவர் சொன்னார். பாவம், இளம் பிள்ளை.

ஹமீதா சாக்கை விலக்கினாள். முகத்தை மூட மறந்து நின்றாள்.

"வள்ளக்காரன் இந்தியாக் கதையைக் கொண்டுவந்தது அந்த நோன்புக்குத்தான் மௌலவி" என்றாள். "எனக்கு வந்த ஆத்திரத்தில, அவர் அங்க ஒருத்தியோட இருக்கேக்க நான் மட்டும் ஏன் அழுதுவடியிறன் எண்டு, கடனுக்குச் சிவப்புச் சீலை ஒண்டு வாங்கினனான். பெருநாளுக்கு அதை உடுத்து, பூ வைச்சு, முகாம் முழுக்க நடந்தனான். ஆரும் இந்தியாவுக்குப் போனால் அவரிட்டச் சொல்லட்டும் எண்டு."

மௌலவி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படியோ நான் அவருக்கு இத்தா முடிச்சனான்?" என்று கேட்டாள் ஹமீதா.

 வெளியே ஜுனைதீன் கஞ்சிச் சட்டியோடு வந்து நின்றார். பனையடியில் ஆரோ தகர டப்பாவில் தட்டி, நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள்.